இரண்டு சட்டங்கள்

காரைக்கால் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் நடக்கிறவர்கள் ஒரு சிறு கூட்டத்தைப் பார்த்திருக்கக்கூடும். அரசலாற்றின் மேல் இருள் இன்னும் கலையாத நேரம். தலையில் கவசமும் காலில் விசித்திரமான பாதரட்சையுமாக ஏழெட்டுப் பேர், ஆட்டுக்கடாக் கொம்பு போல் கீழ்நோக்கி வளைந்த கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராகச் சத்தமில்லாமல் சைக்கிளில் போவார்கள். ஒருவர் டாக்டர், ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார், ஒருவர் வங்கியில் வேலை பார்க்கிறவர், இன்னொருவர் விசைப்படகு வைத்திருப்பவர். வடக்கே தரங்கம்பாடி வரையிலும், ஞாயிற்றுக்கிழமையானால் பூம்புகார் வரையிலும் போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவார்கள். முன்னால் போகிறவர் எதிர்காற்றைத் தம் மார்பில் வாங்கிக்கொள்வார். பின்னால் வருகிறவர்கள் அவர் முதுகின் மறைவில் இளைப்பாறுவார்கள். சற்று நேரத்தில் முறை மாறும். முன் சைக்கிளின் சக்கரத்துக்கும் பின் சைக்கிளின் சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளிகூட இருக்காது. சாலையில் பள்ளம் வந்தால் முன்னவர் கையால் சுட்டிக்காட்ட வேண்டும். காட்டுவார் என்று நம்பித்தான் பின்னவர் வருகிறார்.

அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சென்ற மாதம் என்னைத் தேடி வந்தார். பிரான்ஸில் இருக்கும் தாய்மாமன் இரண்டு ஆண்டுகளுக்கு முன் கொண்டுவந்து கொடுத்த கார்பன் சட்டம் ஒன்று அவரிடம் இருக்கிறது. (பிரான்ஸில் ஒரு மாமா இல்லாத தெரு காரைக்காலில் குறைவு.) சக்கரம், சங்கிலி, பல்சக்கரம் எல்லாம் கழற்றிவிட்ட வெறும் சட்டம், விலையோ ஒரு மோட்டார் சைக்கிளின் விலை. தங்கைக்குக் கல்யாணம் வருகிறது, விற்றுவிடத் தீர்மானித்தார். வாங்குவதற்கு அதே கூட்டத்தில் இரண்டு பேர் தயாராக இருந்தார்கள். சிக்கல் ஒன்றுதான். போன அறுவடையின்போது, நெல்லைச் சாலையில் பரப்பிக் காயவைத்திருந்த இடத்தில் சக்கரம் வழுக்கி அவர் விழுந்திருக்கிறார். உடம்பில் சிராய்ப்புத்தான். ஆனால் சட்டத்தின் மேல் குழாய் சாலையோரத்துக் கல்லில் மோதியது. வண்ணத்தில் நகக்குறி அளவு கீறல். அதன் மேல் ஒரு ஒட்டுப்படம் ஒட்டிவிட்டார். அதற்குப் பிறகு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியும் ஒன்றும் ஆகவில்லை.

“சார், அவர்கள் யாரும் ‘விழுந்ததா?’ என்று கேட்கவில்லை. நானாகச் சொல்லவேண்டுமா?” என்றார்.

“தம்பி, இரண்டு நாள் கொடுங்கள், யோசித்துச் சொல்கிறேன்” என்றேன். கேள்வி சிறியது. அதற்கு இரண்டு நாள் கேட்டதற்குக் காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கார்பன் சட்டம் என்றால் என்ன என்று அறியாத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். தலைமயிரைவிடப் பன்மடங்கு மெல்லிய கரி இழைகளைத் துணிபோல் அடுக்கி, பிசினில் ஊறவைத்து, அச்சில் இட்டுச் சூட்டில் இறுகச் செய்த பொருள் அது. ஒரு முழுச் சட்டத்தின் எடை ஒரு கிலோவை ஒட்டியே இருக்கும். சிறுவன் ஒரு விரலில் தூக்கிவிடுவான். 1986-ல் பிரான்ஸ் நாட்டைச் சுற்றிவரும் புகழ்பெற்ற பந்தயத்தில் அமெரிக்கரான கிரெக் லெமாண்ட் கார்பன் சட்டத்தில் ஏறி வென்றார். அதற்குப் பிறகு உலகமே அதன் பக்கம் திரும்பியது. இழை ஓடும் திசையில் இழுத்தால் அதற்கு எஃகை மிஞ்சிய வலிமை. ஆனால் பக்கவாட்டில் கல்லோ இரும்போ இடித்தால் மேலே ஒன்றும் தெரியாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்துவிடலாம். எஃகுச் சட்டம் வளையும், முனகும், வண்ணம் உதிரும். உடைவதற்கு முன் பெரும்பாலும் ஏதாவது ஒரு குறி காட்டும். கார்பன் அப்படி அன்று. தாங்கும் வரையில் தாங்கிவிட்டு ஒரே நொடியில் முறியக்கூடும். நாணயத்தால் மெல்லத் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல இடத்தில் கணீர் என்றும், பிரிந்த இடத்தில் சப்பென்றும் கேட்கும் என்பது கணக்கு. அதுவும் நிச்சயமான சோதனை அன்று. நுண்ணொலிக் கருவி வைத்துப் பார்த்தால்தான் ஓரளவு தெளியும்.

ஆகவே நம் இளைஞருக்குத் தம் சட்டம் கெட்டுவிட்டது என்று தெரியாது. கெடவில்லை என்றும் தெரியாது. விழுந்தது மட்டும் தெரியும்.

தமிழில் சைக்கிளின் உடலையும் சட்டம் என்கிறோம். அரசாங்கம் போடும் விதியையும் சட்டம் என்கிறோம். இரண்டும் ஒன்றைத் தாங்கி நிற்பவை என்பதால் அந்தப் பெயர் பொருந்தித்தான் இருக்கிறது. அந்த இரண்டாவது சட்டம் இந்தக் கேள்விக்கு என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்தேன். காரைக்காலுக்கு இதில் ஒரு விசேஷம் உண்டு. 1954 நவம்பர் முதல் தேதி வரையில் இது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். சுற்றிலும் இருந்த தஞ்சை ஜில்லா ஆங்கிலேயர் வகுத்த சட்டத்தில் வாழ்ந்தது. நடுவில் இருந்த இந்தச் சிறு நிலம் நெப்போலியன் காலத்துச் சட்டத்தில் வாழ்ந்தது. வாய்க்காலுக்கு இக்கரையில் ஒரு மாட்டை விற்றால் ஒரு நியாயம், அக்கரையில் விற்றால் இன்னொரு நியாயம்.

1804-ஆம் ஆண்டின் பிரெஞ்சு சிவில் சட்டத்தில் 1641-ஆவது விதி தொடங்கி இதைப் பற்றிப் பேசுகிறது. மறைந்திருக்கும் குறைக்கு விற்றவனே பொறுப்பு. வாங்குகிறவன் அந்தக் குறையை அறிந்திருந்தால் வாங்கியிருக்கமாட்டான், அல்லது குறைந்த விலைக்குத்தான் கேட்டிருப்பான் என்றால் போதும். விற்றவன் பதில் சொல்லவேண்டும். தனக்கே அந்தக் குறை தெரியாது என்பதும் தப்பிக்க வழி ஆகாது. ‘குறை இருந்தால் நான் பொறுப்பில்லை’ என்று முன்கூட்டியே பேசிக்கொண்டிருந்தால்தான் விலக்கு. தெரிந்தே விற்றிருந்தால் விலையைத் திருப்பித் தருவதோடு நஷ்டஈடும் தரவேண்டும். கண்ணால் பார்த்தே அறியக்கூடிய குறைக்கு மட்டும் அவன் பொறுப்பில்லை.

ஆங்கிலேய வழி இதற்கு நேர்மாறு. வாங்குகிறவனே விழித்திருக்க வேண்டும் என்பது அதன் பொதுக் கொள்கை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 17-ஆவது பிரிவு, வெறும் மௌனம் மோசடி ஆகாது என்கிறது. அதை விளக்க ஒரு குதிரையைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஒருவன் ஏலத்தில் குதிரை விற்கிறான், அது நோயுற்றது என்று அவனுக்குத் தெரியும், ஒன்றும் சொல்லவில்லை. இது மோசடி அன்று. இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டால் நம் இளைஞரும் நிம்மதியாகச் சட்டத்தை விற்றுவிடலாம். மூடக்கூடாது. அடுத்த இரண்டு உதாரணங்கள்தான் முக்கியம். வாங்குகிறவள் அவனுடைய மகள். இப்போதுதான் உரிய வயதை அடைந்தவள். அப்போது சொல்வது கடமை. உறவே அந்தக் கடமையை உண்டாக்குகிறது. அதற்கும் அடுத்ததில், ‘நீ மறுக்காவிட்டால் குதிரை நல்லது என்று எடுத்துக்கொள்வேன்’ என்று வாங்குகிறவன் சொல்கிறான். விற்கிறவன் வாய் திறக்கவில்லை. அங்கே மௌனமே பேச்சுக்குச் சமம்.

கடுமையான ஆங்கிலேயச் சட்டம்கூட மகள் என்றதும் இளகிவிடுகிறது. அப்படியானால் கேள்வி இப்படி மாறுகிறது: தினமும் விடியற்காலையில் ஒரு முழ இடைவெளியில் நம் பின்னால் சைக்கிள் ஓட்டி வருகிறவர், ஏலத்தில் முகம் தெரியாமல் நிற்கும் அந்நியரா? மகளைப் போன்றவரா?

இதே வழக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வாதாடப்பட்டிருக்கிறது. கி.மு. 44-ல் ரோமாபுரி அறிஞர் சிசரோ கடமைகளைப் பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில் அது வருகிறது. ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்ஸாண்டிரியாவிலிருந்து ஒரு வியாபாரி கப்பல் நிறையத் தானியம் கொண்டுவருகிறான். தனக்குப் பின்னால் இன்னும் பல தானியக் கப்பல்கள் வந்துகொண்டிருப்பதை வழியில் பார்த்திருக்கிறான். அதைத் தீவு மக்களிடம் சொல்லவேண்டுமா, சொல்லாமல் பஞ்ச விலைக்கு விற்கலாமா? பாபிலோனியரான டயோஜெனிஸ் சொல்கிறார்: சட்டம் கேட்கும் குறைகளைச் சொன்னால் போதும், மறைப்பது வேறு, சும்மா இருப்பது வேறு. அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர் மறுக்கிறார்: மனிதர் எல்லாரும் ஒரே சமூகம், விற்கிறவனுக்குத் தெரிந்தது எல்லாம் வாங்குகிறவனுக்கும் தெரியவேண்டும். சிசரோ மாணவர் பக்கம் சேர்ந்துகொள்கிறார். நெல் ஏற்றிய கப்பல்களைத் தலைமுறை தலைமுறையாகக் கண்ட இந்தக் கடற்கரையில் உட்கார்ந்து இந்த வாதத்தைப் படித்தால், ரோட்ஸ் தீவு தூரத்தில் இருப்பதாகத் தோன்றவில்லை. இங்கிருந்து வடக்கே உள்ள காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பட்டினப்பாலை புகழும்போதும், அவர்கள் அதிகம் வாங்காதவர்கள், குறைத்துக் கொடுக்காதவர்கள் என்றுதான் புகழ்கிறது. ஆனால் தராசில் நிறுத்துப் பார்க்கக்கூடிய நேர்மை அது. குழாயின் உள்ளே இருக்கும் விரிசலுக்கு எந்தத் தராசு?

இனி, நான் இரண்டு நாள் கேட்டதன் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரியில் படித்த காலத்தில் என்னிடம் ஒரு பழைய சைக்கிள் இருந்தது. அதன் முன் கவை ஒருமுறை விரிந்து, பட்டறையில் கொடுத்துப் பற்றவைத்து வாங்கியிருந்தேன். பட்டறைக்காரர் அப்போதே, “தம்பி, இது ரொம்ப நாள் தாங்காது, புதுசு போட்டுக்கோங்க” என்று சொல்லியிருந்தார். கருப்பு வண்ணம் பூசியதும் ஒட்டு மறைந்துவிட்டது. படிப்பு முடிகிற சமயத்தில் பரீட்சைக் கட்டணத்துக்குப் பணம் வேண்டியிருந்தது. என் அறைத் தோழனிடமே அதை விற்றேன். அவன் மணியை அடித்துப் பார்த்தான்; பிரேக்கைப் பிடித்துப் பார்த்தான்; வேறொன்றும் கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஆற்றுப் பாலத்து இறக்கத்தில் கவை முறிந்து, அவனுக்குத் தாடையும் இடது மணிக்கட்டும் உடைந்தன.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். கட்டுக்குள்ளிருந்து அவன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான். “பழைய சைக்கிள், இப்படி ஆகும் என்று யாருக்குத் தெரியும்?” என்றான்.

“ஆமாம், யாருக்குத் தெரியும்?” என்றேன்.

விற்ற அன்று நான் பொய் சொல்லவில்லை, சும்மா இருந்தேன். டயோஜெனிஸ் என்னை மன்னித்திருப்பார். 1872-ஆம் ஆண்டுச் சட்டமும் ஒருவேளை மன்னித்திருக்கும். ஆனால் ஆஸ்பத்திரியில் சொன்ன அந்த மூன்று சொல் பொய். மௌனத்தின் சுபாவமே இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். அது மௌனமாகவே இருந்துவிடுவதில்லை. என்றைக்காவது ஒருநாள் அதைக் காப்பாற்றப் பேசவேண்டி வருகிறது. அப்படிப் பேசும் பேச்சு பொய்யாகத்தான் இருக்க முடிகிறது.

அந்நியனாக இருந்திருந்தால் என் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்திருப்பான். ‘எங்காவது ஒட்டு உண்டா?’ என்று கேட்டிருப்பான். பட்டறைக்காரரை அழைத்து வந்திருப்பான். தோழன் இவற்றில் ஒன்றையும் செய்யவில்லை. தோழன் என்பதால்தான் செய்யவில்லை. நட்பு அவனுடைய கண்ணைக் கட்டியது. அந்தக் கட்டை நான் பயன்படுத்திக்கொண்டேன். ஒப்பந்தச் சட்டத்தின் மூன்றாவது உதாரணத்தில் வருகிறவன், ‘நீ மறுக்காவிட்டால் நல்லது என்று எடுத்துக்கொள்வேன்’ என்று வாய்விட்டுச் சொல்கிறான். நண்பன் அதைச் சொல்வதில்லை. கேட்காமல் இருப்பதன் மூலமே சொல்லிவிடுகிறான்.

இளைஞர் மூன்றாம் நாள் வந்தார். என் சைக்கிள் கதையைச் சொல்லவில்லை. சொல்லும் தைரியம் அப்போது வரவில்லை. யோசித்ததை மட்டும் சொன்னேன். அவரும் லேசில் விட்டுவிடவில்லை.

“உடைந்திருக்கிறது என்று எனக்கே தெரியாதபோது எதைச் சொல்வது?” என்று கேட்டார்.

தீர்ப்பைச் சொல்லவேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள் என்றேன். விழுந்தது நடந்த விஷயம். கெட்டதா என்பது ஊகம். நடந்ததைத் தமக்குள் வைத்துக்கொண்டு, ‘ஒன்றும் ஆகியிருக்காது’ என்ற ஊகத்தை மட்டும் தம் விருப்பப்படி முடிவுசெய்ய விற்கிறவருக்கு உரிமை இல்லை. அந்த ஊகம் தவறினால் கீழே விழுகிற உடம்பு அவருடையது அன்று. எவருடைய உடம்போ அவர்தான் ஊகிக்க வேண்டும்.

“சொன்னால் விலை பாதியாகிவிடும். ஒருவேளை சட்டம் முழுசாகவே இருக்கலாம். அப்போது உண்மை சொன்னதற்கு அபராதம் கட்டியவன் நான்தானே?”

இது வெறும் பேராசைக்காரனின் வாதம் அன்று. 1970-ல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் பழைய கார்ச் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல் நோபல் பரிசு பெற்றபோது அந்த ஆராய்ச்சியே முக்கியமாகப் பேசப்பட்டது. விற்கிறவனுக்குத் தெரிந்தது வாங்குகிறவனுக்குத் தெரியாத சந்தையில், நல்ல பொருளுக்கும் நல்ல விலை கிடைக்காது என்பது அவர் கண்டது. எல்லாவற்றையும் சந்தேகித்து எல்லாவற்றுக்கும் குறைத்துக் கேட்பார்கள். நல்ல பொருள் வைத்திருப்பவன் விற்காமல் விலகிவிடுவான். கடைசியில் சந்தையில் சொத்தைதான் மிஞ்சும். ஆகவே இளைஞர் கட்டப்போகும் அபராதம் அவருடைய உண்மைக்கு விதிக்கப்பட்டது அன்று. அவருக்கு முன்னால் விற்றவர்களின் மௌனத்துக்கு விதிக்கப்பட்டது. அதில் என் பங்கும் உண்டு. இது நியாயமா என்றால், நியாயம் இல்லை. ஆனால் நமக்கு நேர்ந்த அநியாயத்தை இன்னொருவர் கழுத்தெலும்பின் மீது இறக்கிவைப்பதும் நியாயம் இல்லை.

“சொன்னாலும் நம்பாமல், நான் இன்னும் பெரிதாக எதையோ மறைக்கிறேன் என்று நினைத்தால்?”

இந்தக் கேள்விக்கு நான் சிரித்துவிட்டேன். காரைக்காலில் பிறந்தவர் கேட்கக்கூடிய கேள்விதான் அது. இந்த ஊரின் பெருமையே ஒரு வணிகர் வீட்டில் இரண்டு மாம்பழத்துக்குக் கணக்குக் கேட்ட கதைதானே? பரமதத்தன் அனுப்பிய இரண்டு கனிகளில் ஒன்றைச் சிவனடியாருக்கு இட்டுவிட்டாள் புனிதவதி. உணவு வேளையில் கணவன் ஒன்றை உண்டு மற்றதைக் கேட்டபோது அவள் நடந்ததைச் சொல்லவில்லை, உள்ளே போய் இறைவனை நினைந்தாள், கனி கிடைத்தது. அதன் சுவை மாறியிருப்பதைக் கண்டு அவன் கேட்டபோது மறைக்க மனம் வராமல் உள்ளபடி சொன்னாள். சேக்கிழார் இதைத் தெய்வச் செயலாகப் பாடுகிறார். ஆண்டுதோறும் ஆனிப் பௌர்ணமியில் ஊரே மாங்கனியை வாரி இறைத்துக் கொண்டாடுகிறது. எனக்கு, கதை எழுதுகிறவனுக்கு, அந்த இரண்டு கேள்விகளுக்கும் இடையில் இருக்கும் சில நிமிஷங்கள்தான் பெரிதாகப் படுகின்றன. முதல் கேள்விக்கு மௌனம்; இரண்டாவது கேள்விக்கு உண்மை. உண்மையைச் சொன்னதனால் என்ன கிடைத்தது? கணவன் நம்பவில்லை. இன்னொரு கனி வரவழைத்துக் காட்டச் சொன்னான். காட்டியதும் அஞ்சி, கப்பல் ஏறிப் போனவன் வேறு ஊரில் வேறு குடும்பம் அமைத்துக்கொண்டான். உண்மைக்கு உடனே கூலி கிடைக்கும் என்று இந்த ஊர்க் கதை யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. நம்புவதும் நம்பாததும் கேட்கிறவர் பாடு என்றுதான் அவரிடம் சொல்ல முடிந்தது.

கடைசியாக ஒன்று கேட்டேன். “தம்பி, நீங்கள் முன்னால் போகும்போது பள்ளம் வந்தால், பின்னால் வருகிறவர் ‘பள்ளம் இருக்கிறதா?’ என்று கேட்ட பிறகா கை காட்டுகிறீர்கள்?”

அவர் பதில் சொல்லவில்லை. ஒட்டுப்படத்தை அன்றே உரித்துவிட்டதாகப் பிறகு தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தரங்கம்பாடிக் கோட்டையின் எதிரில் தேநீர் குடிக்கும் இடத்தில் எல்லாரிடமும் சொன்னாராம். வாங்க இருந்தவர்களில் ஒருவர் பின்வாங்கிவிட்டார். மற்றவர் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார். அவர் அதைச் சென்னைக்கு அனுப்பி நுண்ணொலிக் கருவியால் சோதித்தார். உள்ளே ஒரு குறையும் காணவில்லை என்று சீட்டு வந்தது. இளைஞர் அந்தச் செய்தியோடு வந்தார். முகத்தில் வருத்தமா சிரிப்பா என்று தெரியவில்லை. “பார்த்தீர்களா சார், சொல்லாமலே இருந்திருக்கலாம்” என்றார்.

நல்ல சட்டத்துக்கு அவர் பாதி விலைதான் பெற்றார். என் கெட்ட சைக்கிளுக்கு நான் முழு விலை பெற்றேன். கணக்கில் அவர் நஷ்டப்பட்டவர். ஆனால் விற்ற அந்த நிமிஷத்தில் உள்ளே இருப்பது இன்னது என்று அவருக்கும் நிச்சயமாகத் தெரியாது; முறியும் நாள் எது என்று எனக்கும் தெரியாது. பிறகு என்ன ஆயிற்று என்பது இரும்பும் கரியும் பார்த்துக்கொண்ட விஷயம். என் கவை முறியாமல் இன்னும் பத்து ஆண்டு ஓடியிருந்தாலும், நான் செய்தது அதேதான். அவருடைய சட்டம் சோதனையில் கெட்டது என்று வந்திருந்தாலும், அவர் செய்ததும் அதேதான். இதை அவரிடம் சொல்லும்போது என் சைக்கிள் கதையையும் சேர்த்துச் சொல்லவேண்டியதாயிற்று. அவர் வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அவருக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டார்.

தெரியாது. என் தோழன் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டான். மழை நாட்களில் மணிக்கட்டு வலிக்கிறது என்று எப்போதாவது எழுதுவான். ஒவ்வொரு முறையும், வெந்நீர் ஒத்தடம் கொடு என்று பதில் எழுதுவேன். இந்த முறை வேறு பதில் எழுதியிருக்கிறேன். கட்டுரை அச்சில் வந்து அதை அவன் ஊரார் சொல்லித் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக, அதை முடிப்பதற்கு முன்பே, நேற்று மாலை கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன்.